ஐந்தாம் அத்தியாயம்: ஆயுளை அளந்து மரம் வைத்தல்

புதுமனை புகுந்த உற்சாகத்தில், அடுத்த பங்குனிக்குள் எல்லாம் பூத்துக் காய்த்துவிட வேண்டும் என்னும் ஆவலோடு, நாற்றுப்பண்ணையிலிருந்து வண்டி நிறையச் செடிகளைக் கொண்டுவந்து, வெற்றிடம் கண்ட இடத்திலெல்லாம் குழி பறித்து நட்டுவிடுகிறவர்களின் தோட்டங்கள் மூன்றாம் ஆண்டில் நெருக்கத்தால் மூச்சு முட்டி, ஏழாம் ஆண்டில் அரிவாளுக்கு இரையாகி, பத்தாம் ஆண்டில் ஒரு முருங்கையும் சில குரோட்டன்சும் மிஞ்சிய வெறும் முற்றமாக முடிவதை நாம் எங்கும் காண்கிறோம். அவர்களிடம் சிரத்தைக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. ஒரு மனையில் அடிக்கணக்கு ஒன்று, ஆண்டுக்கணக்கு ஒன்று என இரண்டு கணக்குகள் உண்டென்பதையும், காகிதத்தில் வரைபடம் போடுகிறபோது முதற்கணக்கை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டோம் என்பதையும் அவர்கள் உணராததே குறை. நூறாண்டு வாழ்கிற மரத்துக்கு எந்த இடம், ஐம்பதாண்டு மரத்துக்கு எந்த இடம், ஐந்தாண்டில் வெட்டப்படப் போகிற மரத்துக்கு எந்த இடம், நான்கு மாதத்தில் முடிகிற கத்தரிக்கு எந்த இடம் என்று ஆயுளை முதலில் அளந்து, அதன்பிறகு நிலத்தைப் பங்கிடுவதே நெடுநாள் நிற்கும் தோட்டத்தின் அடிப்படை என்பதை இந்த அத்தியாயம் செய்யூர்ப் பிரதேசத்தை உதாரணமாகக் கொண்டு விளக்கும்.

1. நிலத்தை அறிதல்

செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள செய்யூர் வட்டத்தில் சில கல் தூரத்துக்குள் மூன்று விதமான பூமி அமைந்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் ஊராகச் சொல்லப்படும் இடைக்கழிநாடு, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம். தென்னையும் சவுக்கும் பனையும் அங்கே செழிக்கின்றன. கழிமுகத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் உப்பளங்களையும் ஒட்டிய தாழ்நிலம், கோடையில் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும் உவர்நிலம். மேற்கே ஏரிகளை நோக்கிப் போகப் போகச் செம்மண்ணும், ஏரிப் பாசனத்தின் கீழ்க் களியும் வருகின்றன. ஒரே ஊரில் ஒருவர் வீட்டு மாமரம் கிளை தாழக் காய்த்திருக்க, அரைக்கல் தொலைவில் இன்னொருவர் வீட்டு மாங்கன்று இலை நுனி கருகி நிற்பதற்குக் காரணம் கைராசியன்று. காலின் கீழ் உள்ள மண்ணே.

ஆகவே கன்று வாங்குமுன் செய்யவேண்டிய காரியங்கள் இரண்டு. மனையின் நடுவே இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, நீர் நிரப்பி, அது வடிய எத்தனை நேரம் ஆகிறதென்று பார்க்க வேண்டும். சில நிமிஷங்களில் மறைந்தால் அது மணல். அதற்கு வேண்டுவது மக்கிய எருவும் வண்டலும். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அது களி. அங்கே மரத்தை மேட்டின்மீது வைத்தாலன்றி ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடும். இரண்டாவது காரியம், கிணற்று நீரையும் மண்ணையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பளவு அறிவது. நீரின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் எதையும் வைக்கலாம். 3-ஐத் தாண்டினால் மாவையும் எலுமிச்சையையும் மறந்துவிட்டு, தென்னை, சப்போட்டா, நெல்லி, இலந்தை ஆகியவற்றோடு திருப்தி அடைவதே விவேகம். உப்புக்கு அஞ்சும் மரத்தை உரம் போட்டுத் தேற்ற நினைப்பது வீண் பிரயத்தனம்.

2. ஜலத்தைச் சேமித்தல்

கரையோர மணலில் கிணறு வெட்டியவர்கள் அறிந்த ஓர் உண்மை உண்டு: முதலில் இனிக்கிற நீர், ஆழமாக்க ஆழமாக்கக் கரிக்கிறது. மழையால் இறங்கிய நன்னீர் கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதே இதற்குக் காரணம். கிபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் இரு ஐரோப்பிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே கண்டுரைத்த கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மறுபுறம் பார்த்தால், மேலே ஓரடி நீரை நாம் இறைத்துக் குறைக்கும்போது கீழிருந்து உப்பு 40 அடி மேலேறத் தயாராகிறது. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு விசைமோட்டாரால் நாள் முழுதும் இறைக்கிறவர் தம் தோட்டத்துக்கு மட்டுமல்லாமல் அண்டை வீட்டுத் தோட்டத்துக்கும் உப்பை அழைத்து வருகிறார். ஆழம் குறைந்த திறந்த கிணறும், சிறிது சிறிதாக இறைத்துத் தொட்டியில் சேர்த்துப் பாய்ச்சும் பழக்கமுமே இங்கே நீடிக்கும் முறை. சுண்ணாம்புப் பாறையின் மேல் இதே விதமான நன்னீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்துக் குடியானவர்களும், அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகள் உவர்த்துப்போவதை அநுபவத்தில் கண்டவர்களே.

எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது அடுத்த கடமை. இப்பிரதேசத்தில் ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 89,000 லிட்டர் நீர் நம் கைக்கு வரும். காய்க்கும் தென்னை ஒன்றுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 50 லிட்டர் வீதம் நான்கு மாதத்துக்கு வேண்டுவது 6,000 லிட்டர் என்பதோடு இதை ஒப்பிட்டால், கூரை எத்தனை பெரிய ஏரி என்பது விளங்கும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டத்துக்காகக் கட்டிய தொட்டி வேறு, தோட்டத்துக்காக வெட்டிய குழி வேறு. மூன்றடிச் சதுரமும் ஐந்தாறடி ஆழமும் கொண்ட குழியைக் கிணற்றுக்கு அருகே வெட்டி, அடியில் கருங்கல் ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, மேலே மணல் என்று நிரப்பி, கூரைக் குழாயை அதில் விட வேண்டும். ஆண்டுதோறும் புரட்டாசியில் மேல்மணலை வாரிக் கழுவிப் போட வேண்டும். மலக்குழித் தொட்டிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளியேனும் இருப்பது ஆரோக்கியத்துக்கு அவசியம்.

3. காற்றுக்கு வேலி

வங்காள விரிகுடாவின் புயல்களுக்கு இந்தக் கரை பழகிய வாசல். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையருகே கடந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவில் மாண்டஸ் மாமல்லபுரத்தருகிலேயே கரையைத் தொட்டது. ஆக, பத்தாண்டுக்கு மேல் நிற்கவேண்டும் என்று வைக்கப்படும் எந்த மரமும் பெரும்புயல் ஒன்றையாவது சந்தித்தே தீரும் என்று கொண்டு திட்டமிடுவதே முறை. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளை ஒரே இரவில் சாய்த்துப் போட்டது. தென்னை ஒன்றையே நம்பியிருந்த குடும்பங்கள் அன்று ஒருங்கே கைவிடப்பட்டன. ஒரே வகை மரம், ஒரே வயது மரம், ஒரே உயரத்து மரம் என்று வைப்பதன் அபாயத்தை இதைவிடக் கொடூரமாக விளக்க இயலாது.

காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்புகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இடைவெளியற்ற மதிலைத் தாண்டி விழும் காற்று அதன் பின்னே சுழன்று செடிகளை முறிக்கிறது. மரவரிசையோ காற்றைச் சல்லடையில் சலிப்பதுபோல் சலித்து வேகத்தைக் குறைத்து அனுப்புகிறது. வரிசையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை அதன் பாதுகாப்பு எட்டும். இதற்கு ஏற்ற மரங்களைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி இன்றும் நிற்கும் காட்டைச் சென்று பார்ப்பவருக்கு, சோழமண்டலக் கரையின் பழைய தாவர வர்க்கம் எப்படி இருந்ததென்பது கண்ணெதிரே தெரியும். மேலே நெடிய மரங்கள், அவற்றின் கீழே வீரை, காசான் போன்ற நடுத்தர மரங்கள், அவற்றுக்கும் கீழே புதர், கொடி, தரையில் யாரும் கூட்டாத சருகு என்று அடுக்கடுக்காக அமைந்த அந்தக் காட்டுக்கு எவரும் நீர் பாய்ச்சுவதில்லை, உரம் இடுவதில்லை. நம் வீட்டுக் கொல்லையில் அந்த அடுக்குமுறையைச் சிறிய அளவில் பின்பற்றுவதே நாம் செய்யக்கூடிய உத்தமமான காரியம்.

கடற்பக்கத்துக்குப் புன்னையே முதல் மரம். மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சமாகிய இது, உப்புக்காற்றையும் மணலையும் பொருட்படுத்தாமல் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும். வளர்ச்சி மந்தம் என்பது ஒன்றே குறை. அக்குறையை நீக்கச் சவுக்கைத் துணைக்கு வைக்கலாம். புன்னைக் கன்றுகளுக்கு வெளிப்புறம் ஆறடிக்கு ஒன்றாக நட்ட சவுக்கு, விரைந்து வளர்ந்து அவற்றுக்குத் திரையாக நின்று, ஐந்தாம் ஆண்டில் புன்னை தன் காலில் நிற்கும் பருவத்தில் வெட்டப்பட்டு வீட்டுக்குக் கம்பமாகவும் விறகாகவும் பயன்படும். ஆனால் வெட்ட வேண்டிய ஆண்டில் வெட்டாமல் விட்டால், அதன் சருகு தரையை மூடி வேறொன்றையும் முளைக்கவிடாது. தாற்காலிகமாக வைத்ததை நிரந்தரமாக்கிவிடுவது தோட்டக்காரனின் சோம்பலால் வரும் வினை. எல்லை மூலைகளில் பனங்கொட்டை ஊன்றலாம். காய்ப்புக்கு வர 15 ஆண்டுகளாவது ஆகும் என்பதால் பலர் அதை அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் நம் மாநில மரமாகிய பனையைப்போல் புயலைத் தாங்குவது வேறொன்றில்லை. இப்போது பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதையும் கருதி, வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் விலகியே ஊன்ற வேண்டும்.

4. ஆயுள் வரிசை

மரங்களை நான்கு வகுப்பாகப் பிரித்துக்கொள்வது சௌகரியம்.

*நூறாண்டு வகுப்பு:* பனை, புன்னை, வேம்பு, மகிழம், செம்மண்ணில் நாட்டு மா. இவற்றின் இடத்தை ஒருமுறை தீர்மானித்தால் மாற்ற முடியாது. கட்டடத்திலிருந்து 20 அடி தள்ளி வைக்க வேண்டும்.

*ஐம்பதாண்டு வகுப்பு:* நெட்டை ரகத் தென்னை, சப்போட்டா, ஒட்டு மா, நாவல், பூவரசு. தென்னைக்கும் சப்போட்டாவுக்கும் 25 அடி, மாவுக்கு 30 அடி இடைவெளி. கன்று சிறியதாக இருக்கிறதே என்று இடைவெளியைக் குறைப்பவர், பதினைந்தாம் ஆண்டில் மரத்தின்மேல் மரம் சாய்ந்து காய்ப்பு நின்றுபோவதைக் காண்பார்.

*பத்துப் பதினைந்தாண்டு வகுப்பு:* கொய்யா, எலுமிச்சை, மாதுளை, நெல்லி, கறிவேப்பிலை, பவழமல்லி, செம்பருத்தி. இவற்றை 15 அடி இடைவெளியில், பெருமரங்களின் நிழல் எட்டாத ஓரங்களில் வைக்கலாம்.

*குறுகிய கால வகுப்பு:* முருங்கை, வாழை, பப்பாளி, அகத்தி, காய்கறிகள், கீரைகள். பெருமரங்கள் வளர்வதற்குள் இடையே கிடக்கும் வெற்றிடம் இவற்றுக்கு உரியது. முதல் ஐந்தாண்டு வீட்டுக்கு உண்ணக் கொடுப்பவை இவையே. ஆனால் இடத்துக்கு வாடகைக் குடிகளேயன்றிச் சொந்தக்காரர்கள் அல்லர்.

வேலிக்குக் கிளுவைப் போத்து, நொச்சி, ஆடாதோடை ஆகியவை போதும். பின்னிரண்டையும் ஆடு மேய்வதில்லை. யாழ்ப்பாணத்தில் கிளுவையும் பூவரசும் வேலியாக நின்றுகொண்டே, ஆண்டுதோறும் வெட்டப்பட்டுத் தோட்டத்துக்குப் பசுந்தழை உரமாகவும் ஆகின்றன. வேலியே உரக்கிடங்காகும் இந்த ஏற்பாடு நம் கரைக்கும் முற்றிலும் பொருந்தும்.

5. இருபது சென்ட் மனையில் ஒரு மாதிரி அமைப்பு

தெற்கு வடக்காக 66 அடியும் கிழக்கு மேற்காக 132 அடியும் உள்ள மனை சரியாக 20 சென்ட். மேற்கே தெரு, கிழக்கே கடற்பக்கம், வடமேற்கில் ஆயிரம் சதுர அடி வீடு என்று கொள்வோம். கிழக்கெல்லையிலிருந்து ஐந்தடி உள்ளே சவுக்கு வரிசை. அதற்குப் பத்தடி மேற்கே 15 அடிக்கு ஒன்றாக நான்கு புன்னை. இரு மூலைகளிலும் பனை. கிழக்கெல்லையிலிருந்து 35 அடியில், எல்லைகளுக்கு எட்டடி விட்டு, 25 அடி இடைவெளியில் மூன்று தென்னை. மேலும் 27 அடி உள்ளே, அந்தத் தென்னைகளுக்கு இடைப்பட்ட வாக்கில், நீர் இனித்தால் ஒரு மாவும் ஒரு சப்போட்டாவும், கரித்தால் இரண்டும் சப்போட்டாவாகவே. அங்கிருந்து வீட்டுச் சுவருக்கு 20 அடி மிஞ்சும். அதில் கறிவேப்பிலையும் கொய்யாவும் மல்லிகைப் பந்தலும்.

காய்கறிப் பாத்தி வீட்டின் தெற்கே இருக்க வேண்டும். தை, மாசி மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், உயர்ந்த மரங்களின் நிழல் வடக்கு நோக்கியே விழும். தெற்கே பெருமரம் வைத்தவர் காய்ப்புக் காலத்தில் பாத்திக்கு வெயிலின்றித் தவிப்பார். சமையலறை, குளியலறை நீர் ஓடும் வழியில் வாழைக்கும் சேம்புக்கும் இடம் ஒதுக்கலாம். தெருப்பக்கம், வாசலுக்குத் தெற்கே ஒரு வேம்பு இருந்தால், சித்திரை மாதத்துப் பிற்பகல் வெயிலை அது தாங்கிக்கொள்ளும். இவ்வளவும் வைத்த பிறகும் முதலாண்டில் மனை வெறுமையாகவே தோன்றும். அந்த வெறுமை பத்தாம் ஆண்டு நிழலுக்கென்று ஒதுக்கிவைத்த இடம் என்பதை வீட்டார் அனைவருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

6. மண்ணைத் திருத்தி நடுதல்

நடுவதற்கு ஓராண்டு முன்பே மண்ணைத் தயார் செய்வது உசிதம். ஆடியில் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில், அதாவது சுமார் 45 நாளில், மடக்கி மண்ணில் புதைத்தால் மணலுக்குச் சத்தும் சேரும், உவர்ப்பும் தணியும். மேட்டு நிலமாயின் கொழுஞ்சியும் சணப்பும் ஏற்றவை. கோடையில் ஏரி வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று இரண்டு மூன்று டிராக்டர் வண்டல் அடித்துவிட்டால் மணல் நிலத்தின் குணமே மாறும்.

தென்னை, மா ஆகியவற்றுக்கு மூன்றடி நீள அகல ஆழமுள்ள குழி வெட்டி ஒரு மாதம் காயவிட வேண்டும். மணற்பாங்கான இடத்தில் குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை உட்குழிவு மேல்நோக்கி இரண்டு அடுக்காக அடுக்கினால் அவை நீரைப் பிடித்துவைக்கும். அதன்மேல் மணல், செம்மண், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, தரையிலிருந்து ஓரடி குறைய நிரப்பிக் கன்றை நட வேண்டும். பருவத்தைப் பொறுத்தவரை, ஐப்பசியில் மழை வந்த பிறகு நடுவது பொதுவான வழக்கமாயினும், கரையோரத்தில் ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ நட்டுவிடுவதே சிலாக்கியம்; கார்த்திகைப் புயலுக்குள் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். தாழ்வான களிநிலத்தில் மட்டும் தை பிறந்தபின் நடலாம். ஆளுயரக் கன்றை வாங்கி உடனே நிழல் காண விரும்புவோர், பையில் வேர் சுருண்ட பெரிய கன்றைவிட முழங்காலளவுள்ள இளங்கன்றே காற்றைத் தாங்கும் மரமாகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

7. ஆண்டு முறை

சித்திரை, வைகாசியில் ஒவ்வொரு மரத்தடியிலும் சருகையும் தென்னை மட்டையையும் கனமாகப் பரப்புதல். ஆடியில் காய்கறி விதைப்பு. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆறடி ஆர வட்டத்தில் ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரமும், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் ஆகியவற்றை இரு தவணையாகவும் இடுதல். புரட்டாசியில் புயலுக்கு முன்னேற்பாடு: காய்ந்த கிளை, ஒன்றையொன்று உரசும் கிளை ஆகியவற்றை நீக்கிக் காற்றுக்கு வழிவிடல், முறியும் தன்மையுள்ள முருங்கையை மூன்றடியில் வெட்டிவிடல், தென்னையின் முற்றிய குலைகளை இறக்கல். முருங்கை வெட்டப்பட்ட இடத்திலிருந்து தழைத்து மாசி, பங்குனியில் காய்க்கும். எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் வளரும் என்பதால் அதைக் கிளறிப் பொறுக்குவதும், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தையொட்டிய மட்டையிடுக்குகளில் இடுவதும் தென்னையைக் காக்கும்.

ஐந்தாம் ஆண்டில் சவுக்கை வெட்டுவதும், எட்டாம் ஆண்டுக்குள் வாழையையும் பப்பாளியையும் ஓரத்துக்கு ஒதுக்குவதும், நிழல் கூடிய இடத்தில் கருணைக்கிழங்கும் மஞ்சளும் வைப்பதும் முன்பே நாட்குறிப்பில் எழுதிவைக்க வேண்டிய காரியங்கள். காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை வெட்ட எவருக்கும் மனம் வராது; எழுதிவைத்த தேதி அந்தத் தயக்கத்தை வெல்லும்.

8. பணம் குறைவாயின்

மேற்சொன்ன அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்யப் பெரும்பாலான குடும்பங்களுக்கு வசதி இராது; அவசியமும் இல்லை. கையில் சொற்பமே உள்ளவர் முதலாண்டில் மழைநீர்க் குழியையும் கிழக்கு வரிசையையும் மட்டும் முடித்து, மிச்ச நிலத்தில் தக்கைப்பூண்டு விதைத்துவிடலாம். இரண்டாம் ஆண்டில் தென்னையும் வேம்பும். மூன்றாம் ஆண்டில் பழமரங்கள். பூச்செடிகளும் பந்தலும் அதற்குப் பிறகு. இவ்வரிசையில் எதைப் பின்தள்ளினாலும் மறு ஆண்டில் ஈடுசெய்துவிடலாம். ஆனால் கிழக்கு வரிசையை ஓராண்டு தள்ளிப்போட்டால், அதன் நிழலில் வளரவேண்டிய அனைத்தும் ஓராண்டு பின்தங்குவதோடு, இடையில் வரும் புயலில் அவற்றுள் சிலவற்றை இழக்கவும் நேரும். ஆதலால் நாற்றுப்பண்ணைக்கு முதன்முறை போகிறவர் ரோஜாத் தொட்டிகளைக் கடந்து சென்று, நான்கு புன்னைக் கன்றுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவாராக.